நேரடிப் பலன் எதுவும் இல்லை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது அல்ல. எழுதச் சொன்னார்கள். அதுவும் இந்தக் கதையை இல்லை, வேறொன்றை.

எங்கள் நகரத்தில் தாய்-சேய் நலக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. பிரசவமாகி நாற்பது நாளுக்குள் இருக்கும் பெண்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து, நூற்றுப் பதினான்கு கேள்விகள் கேட்டுப் பதிலை ஒரு டேப்லெட் கணினியில் பதிவார்கள். பதில்களையெல்லாம் கூட்டிக் கழித்து, தாய்மார்களும் குழந்தைகளும் நலமாக இருக்க என்ன செய்யலாம் என்று ஓர் அறிக்கை வெளியிடுவார்கள். அறிக்கை இருநூறு பக்கம். இருநூறும் அட்டவணை. யாரும் படிக்க மாட்டார்கள் என்று வெளியிடுகிறவர்களுக்கே தெரிந்திருந்ததால், முதல் பக்கத்தில் ‘நெஞ்சைத் தொடும் ஒரு தாயின் கதை’ போடலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த அலுவலகத்தில் வீடு வீடாகப் போகும் வேலையில் இருந்தவர் என் அண்ணி. “எங்க வீட்டுல என் கொழுந்தன் ஒருத்தன் கதை எழுதறேன்னு உக்காந்திருக்கான்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

கேட்டபடி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வழவழப்பான தாளில் அச்சாகியும் விட்டது. அதில் என்ன எழுதினேன் என்பதை ஏழாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என் மேல் உங்களுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும்.

அந்தப் பக்கத்தில் வராமல் போனதுதான் இது.

2

தொடங்குவதில்தான் பெரும்பாடு. நான் எழுத எழுத, அண்ணி அடுப்படியில் வேலையாக இருந்துகொண்டே ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார்.

முதல் தொடக்கம்:

“விடியலின் பொற்கதிர்கள் அந்தத் தாயின் கண்ணீர்த் துளிகளில் பட்டுச் சிதற—”

“அது காலையில பதினொன்னரை மணி தம்பி” என்றார் அண்ணி. “அவ அழவும் இல்ல.”

இரண்டாவது:

“தாய்மை என்பது—”

இதை அவர் மேற்கொண்டு படிக்கவே இல்லை. தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வாங்க வேண்டிய சாமான்களை எழுத ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாவது:

“அவள் கையிலிருந்த டேப்லெட் ஒரு துப்பாக்கியைப் போலக் கனத்தது. அவள் அதை—”

“அது அரைக் கிலோகூட இருக்காது. துப்பாக்கி எவ்வளவு கனம்னு உனக்குத் தெரியுமா?”

தெரியாது. அடித்துவிட்டேன்.

நான்காவது: “அண்ணி நாலு மாடி ஏறினார்.”

“இது நடந்தது” என்றார். “ஆனா நான் எதுக்கு ஏறினேன்னு படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லிட்டு அப்புறம் ஏறு.”

3

அண்ணிக்கு நாற்பத்தோரு வயது. இந்த வேலைக்கு வருவதற்கு முன் பத்து வருஷம் தண்ணீர் சுத்தப்படுத்தும் ஃபில்டர் விற்றார். தோளில் ஒரு பை, பையில் ஒரு மாதிரி ஃபில்டர், ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீர். கதவு அரை அடி திறந்தால் போதும், கால் மணி நேரத்தில் அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அலுவலகத்தில் அவருக்கு ‘ஃபில்டர் அக்கா’ என்றே பெயர். வேண்டாம் என்று சொல்வதில் பல ரகம் உண்டு என்பது அவருடைய கண்டுபிடிப்பு. “கதவைத் திறந்த உடனே வேணாம்னு சொன்னா அது வேணாம் இல்ல. உக்கார வெச்சு, யோசிச்சு, காரணத்தோட வேணாம்னு சொன்னா அதுதான் நிஜ வேணாம். அங்க வேற வழியாத்தான் போகணும்.”

கணக்கெடுப்புக்கு ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். குளிர்சாதன அறை, பெரிய திரை. நடத்தியவர் ஒருங்கிணைப்பாளர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சிலும் இருக்காது.

“நீங்க கண்ணாடி மாதிரி இருக்கணும்” என்றார் அவர். “கண்ணாடி காட்டும், பேசாது. கேக்கலாம், சொல்லக் கூடாது. நீங்க ஒரு தாய்க்கு ஆலோசனை சொல்லிட்டீங்கன்னா, அதுக்கப்புறம் அவங்க சொல்ற பதில் அவங்களோடது இல்ல, உங்களோடது. தரவு கெட்டுப்போயிடும்.”

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “சார், குழந்தை கட்டில் ஓரத்துல கிடக்கு, விழப்போகுதுன்னா?”

அவர் கையேட்டைப் புரட்டினார். அதில் அது இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “பிடிக்கலாம்” என்றார். “ஆனா எதுக்குப் பிடிச்சீங்கன்னு விளக்கக் கூடாது.”

(இவரை நான் கேலிப் படமாக வரைகிறேனோ என்று எனக்கே சந்தேகம். பிறந்த ஒரு வாரத்தில் இறந்துபோகும் குழந்தைகளைப் பற்றிய படத்தைத் திரையில் போட்டபோது, இருட்டில் இவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் எல்லோருக்கும் கேட்டதாம். நல்ல மனிதர். நல்ல மனிதராக இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதை எனக்கு இன்னும் சுலபமாக வந்திருக்கும்.)

ஒவ்வொரு வீட்டிலும் முதலில் ஒப்புதல் வாசகத்தை ஒரு சொல் மாறாமல் படிக்க வேண்டும். அண்ணிக்கு அது இன்னும் மனப்பாடம்: “இந்த ஆய்வில் பங்கேற்பதால் தங்களுக்கு நேரடியான பலன் எதுவும் இல்லை. எனினும் தாங்கள் அளிக்கும் விடைகள் எதிர்காலத் தாய்மார்களுக்குப் பயன்படக்கூடும்.”

பத்து வருஷம் பலனைச் சொல்லியே பொருள் விற்றவர் அண்ணி. பலன் எதுவும் இல்லை என்று கதவைத் தட்டுவது அவருக்கு என்னவோ போல இருந்தது. ஆனால் அதிசயமாக, யாரும் மறுக்கவில்லை. பெற்று ஒரு வாரமான பெண்ணிடம் வந்து, குழந்தையைப் பற்றி இல்லாமல் அவளைப் பற்றிப் பேசுகிற ஆள் கிடைப்பது அபூர்வம் என்பதால் இருக்கலாம்.

4

கேள்விகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை வேறு ஏதோ மொழியில் யோசிக்கப்பட்டு, நம் மொழியில் குளிப்பாட்டி எடுக்கப்பட்டவை.

“தாய்ப்பாலைத் தவிர்த்த திரவப் பொருள் எதனையும் தாங்கள் சிசுவுக்கு வழங்கினீர்களா?”

ஒரு பெண் அலறிப்போய், “ஐயோ, அதெல்லாம் எட்டாத உயரத்துல வெச்சிருக்கோம்” என்றாள். திரவப் பொருள் என்றதும் தரை துடைக்கிற மருந்து என்று நினைத்துவிட்டாள். அண்ணி விளக்கலாமா என்று பார்த்தார். விளக்கக் கூடாது. ‘இல்லை’ என்று பதிந்தார்.

முப்பத்தேழாவது கேள்வி, இந்தக் குழந்தை விரும்பியபோது உண்டானதா, பிறகு உண்டாகியிருக்கலாமா, அல்லது வேண்டாம் என்றே நினைத்தீர்களா என்பது. ‘தனிமையில் கேட்கவும்’ என்று ஓரத்தில் குறிப்பு இருக்கும். பெண் கட்டிலில் படுத்திருப்பாள். அவளைச் சுற்றிக் கணவன், மாமியார், அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, பக்கத்து வீட்டு அக்காவைப் பார்க்க வந்தவர் எல்லோரும் இருப்பார்கள். டேப்லெட் காத்துக்கொண்டிருக்கும். ஒரு வீட்டில் அந்தப் பெண் கணவனைக் கை காட்டி, “அவரையே கேளுங்க” என்றாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். இந்தப் பதிலுக்கு டேப்லெட்டில் கட்டம் இல்லை.

நாற்பத்தோராவது, “கடந்த ஏழு நாட்களில் சராசரியாக இரவில் எத்தனை மணி நேரம் இடைவிடாது உறங்கினீர்கள்?” இருப்பதிலேயே சின்ன விடை ‘நான்கு முதல் ஆறு’. ஒருத்தி இதைக் கேட்டுச் சிரித்தாள், தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். அண்ணி டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

(இந்தத் தடவல் மூன்று நிமிஷம். ஒரு நேர்காணல் நாற்பத்திரண்டு நிமிஷத்தில் முடிய வேண்டும். முப்பத்தைந்துக்குக் குறைந்தால் போலி என்று சிவப்பு விளக்கு எரியும். ஐம்பத்தைந்தைத் தாண்டினால் ஊர்க்கதை பேசுகிறார் என்று சிவப்பு விளக்கு எரியும். அன்று எரிந்தது.)

5

இப்போது ஏறலாம்.

நாலு மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. (முதல் வரைவில் நான் ஒரு லிஃப்ட் வைத்து, அதைப் பழுதாக்கியும் இருந்தேன். இந்தச் சமூகமே பழுது என்று வாசகர் புரிந்துகொள்வார் என்று எண்ணம். “அங்க லிஃப்டே இல்ல” என்று அண்ணி அதை எடுத்துவிட்டார். சமூகத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.)

மேல் வீட்டில் மூன்று பேர். மாமியார், ஒன்பது நாளைக்கு முன் பெற்ற பெண், அந்தக் குழந்தை. கணவன் சரக்குக் கிடங்கில் காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தான். ஜன்னல் சாத்தியிருந்தது. அறைக்குக் குறுக்கே கட்டிய கொடியில் குழந்தைத் துணிகள் காய்ந்தன. பெண் நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தாள். முகம் உப்பியிருந்தது.

“பாருங்க, வந்தப்ப இருந்ததுக்கு இப்ப எப்படித் தேறியிருக்கான்” என்று மாமியார் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். ஒன்பது நாளாக வந்தவர்கள் எல்லோரும் அவனைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அண்ணி ஒப்புதல் வாசகத்தைப் படித்தார். நேரடியான பலன் எதுவும் இல்லை.

“பரவால்லக்கா, கேளுங்க” என்றாள் அந்தப் பெண். “பேசிட்டிருந்தா தலைவலி கொஞ்சம் தெரியாம இருக்கும்.”

கேள்விகள் ஓடின. ஐம்பத்திரண்டு வந்தது.

“பிரசவத்திற்குப் பின்னர் தங்களுக்குக் கடுமையான தலைவலி ஏற்பட்டதா?”

“மூணு நாளா விடவே இல்ல.”

ஆம்.

“பார்வை மங்குதல், அல்லது கண் முன் புள்ளிகள் தெரிதல்?”

“நேத்துலேருந்து. பூச்சி பறக்கற மாதிரி.”

ஆம்.

“முகம் அல்லது கைகளில் வீக்கம்?”

அவள் கையை நீட்டினாள். மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. “சோப்பு போட்டும் கழட்ட முடியல.”

ஆம். டேப்லெட்டில் பச்சையாக ஒரு ‘சரி’ விழுந்தது. ‘நன்றி. இப்பகுதி நிறைவடைந்தது. அடுத்த பகுதி: வீட்டு உடைமைகள்.’

“எதுக்குக்கா இதெல்லாம் கேட்டீங்க?” என்றாள் அவள். “இப்படி இருந்தா ஏதாச்சும் ஆகுமா?”

அண்ணிக்கு அது தெரியாது. பயிற்சியில் சொல்லித் தரவில்லை. தெரிந்தால் சொல்லிவிடுவார்கள் என்பதால் சொல்லித் தருவதில்லை. ஆனால் அவர் விற்பனையில் இருந்தவர். யாரும் ஒரே விஷயத்தைச் சுற்றி மூன்று கேள்வியை அடுத்தடுத்துச் சும்மா வைக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. இந்த மூன்றுக்கும் பின்னால் ஏதோ இருக்கிறது. அதைத் தன்னிடம் சொல்லாமல் அனுப்பியிருக்கிறார்கள்.

“பொதுவான தகவலுக்காகத்தான்” என்றார். கையேட்டில் இருக்கும் பதில் அது.

பிறகு, ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. வாஷிங் மெஷின்? இல்லை. சுவர்க் கடிகாரம்?

அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள். “இருக்கு. ஆனா ரெண்டா தெரியுது.”

அண்ணி டேப்லெட்டைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார்.

(இந்த இடத்தில் ஒரு முழுப் பக்கத்துக்கு அண்ணியின் மனப்போராட்டத்தை எழுதியிருந்தேன். கடமை ஒரு பக்கம், மனசாட்சி ஒரு பக்கம் என்று— “நான் ஒண்ணும் யோசிக்கல” என்றார் அண்ணி. “பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்.” பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

அவர் மாமியாரிடம் போனார். இந்த மாமியாரை நான் முதலில் கொடுமைக்காரியாக எழுதினேன். கையில் ஒரு கரண்டிகூடக் கொடுத்திருந்தேன். அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. “அந்தம்மா ஒன்பது நாளா அந்தப் பொண்ணுக்கு முதுகுல எண்ணெய் தேய்ச்சு விட்டிட்டிருக்காங்க. அவங்களுக்கும் தூக்கம் இல்ல. கண்ணைப் பார்த்தாலே தெரிஞ்சுது.”

“அம்மா, இவங்களை ஒருதடவை ஆஸ்பத்திரியில காட்டிடலாமே” என்று அண்ணி நேராகவே கேட்டார்.

“இப்பத்தானே அங்கேருந்து வந்தோம்” என்றார் மாமியார். “நான் மூணு பெத்திருக்கேன். மூணுக்கும் தலைவலிதான். தூங்கினா சரியாயிடும், இவன் எங்க தூங்க விடறான்? தையல் போட்ட உடம்பு. நாலு மாடி இறங்கி, நாலு மாடி ஏறணும். அடுத்த வாரம் எப்படியும் வரச் சொல்லியிருக்காங்க. அப்ப காட்டிக்கலாம்.”

உட்கார வைத்து, யோசித்து, காரணத்தோடு சொன்ன வேண்டாம் அது. இங்கே வேறு வழியாகத்தான் போக வேண்டும்.

அண்ணி திரும்பி வந்து டேப்லெட்டை நிமிர்த்திக் கையில் எடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே குளிப்பாட்டிய குரலில் படித்தார்:

“கேள்வி எண் நூற்றுப் பதினைந்து. பங்கேற்பாளரின் இரத்த அழுத்தம் இன்றைய தேதியிலேயே அருகிலுள்ள மருத்துவமனையில் அளக்கப்பட்டு, இப்படிவத்தில் தவறாது பதியப்பட வேண்டும்.”

(எழுத்தாளன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கதையிலேயே நன்றாக எழுதப்பட்ட வாக்கியம் இதுதான். எழுதியது நான் இல்லை.)

“அளக்கலைன்னா?” என்றார் மாமியார்.

“படிவம் மூடாதும்மா. மூடற வரைக்கும் நான் எழுந்திருக்கக் கூடாது. இங்கேயேதான் உக்காந்திருக்கணும்.”

மாமியார் அண்ணியைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. “சரி, போய்த் தொலைச்சிட்டு வந்துடலாம்” என்று குழந்தையைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

இறங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மாமியார் குழந்தையோடு முன்னால், அண்ணி அந்தப் பெண்ணின் இடுப்பைப் பிடித்தபடி பின்னால். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “படி எங்க முடியுதுன்னு தெரியலக்கா.” அண்ணி ஒவ்வொரு படியாக எண்ணிச் சொல்லி இறக்கினார். தெருமுனையில் ஒரு வாடகை வண்டி கிடைத்தது.

மருத்துவமனையில் நர்ஸ், “சர்வேயா? போன வாரம்தான் வந்து எங்களை நூறு கேள்வி கேட்டுட்டுப் போனீங்க” என்று அலுத்துக்கொண்டே அந்தப் பெண்ணின் கையில் பட்டையைச் சுற்றினார். ஒருமுறை பார்த்தார். காற்றை இறக்கிவிட்டு இன்னொருமுறை பார்த்தார். பிறகு உள்ளே ஓடினார். நூற்றெண்பதுக்கு நூற்றிருபது.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. படுக்கை, ஊசி, டாக்டர், கையில் குழாய். மதியம் இரண்டு மணிக்கு அதே நர்ஸ் வெளியே வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பிரசவத்துக்கு அப்புறமும் பிரஷர் ஏறும்மா. நிறைய பேருக்குத் தெரியறதில்ல. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும். இப்ப இறங்குது.”

மாமியார் குழந்தையின் துணியைச் சரிசெய்தார். மடியில் குழந்தை தூங்கியது. பிறகு அண்ணியைப் பார்த்துக் கேட்டார்: “அந்தக் கடைசிக் கேள்வி. அதை எல்லார்கிட்டயும் கேக்கறீங்களா?”

“ஆமாம்மா” என்றார் அண்ணி.

“நல்ல கேள்வி.”

6

மறுநாள் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் இருந்தார். பக்கத்தில் இரண்டு திரைகளோடு, வந்த பதில்களைச் சரிபார்த்துத் தொகுக்கும் தரவுக்காரர் இருந்தார்.

“இந்த வீடு இன்டர்வியூ நடுவுல ரெண்டு கிலோமீட்டர் நகர்ந்திருக்கு” என்றார் தரவுக்காரர், டேப்லெட் போன வழியைத் திரையில் காட்டி, நிஜமான குழப்பத்தோடு.

அண்ணி நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். ஒருங்கிணைப்பாளர் முழுவதையும் கேட்டார். “அவங்க இப்ப நல்லா இருக்காங்கல்ல?” என்றார். “ரொம்ப சந்தோஷம். மனசார சொல்றேன்.” பிறகு ஒரு தாளை எடுத்தார். நேர்காணல் பாதியில் நின்றிருக்கிறது. ஆலோசனை சொல்லப்பட்டிருக்கிறது. படிவத்தில் இல்லாத கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது.

“இதெல்லாம்கூடப் பரவால்ல” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “நேரடியான பலன் எதுவும் இல்லைன்னு படிச்சுக் காட்டியிருக்கீங்க. அவங்க அதுக்கு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அப்புறம் நேரடியா ஒரு பலனைக் குடுத்துட்டீங்க. இது ஒப்புதலை மீறினதா ஆகாதா?”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று நானே இரண்டு நாள் யோசித்தேன்.

அந்த வீட்டை எடுத்துவிடுவது என்று முடிவானது. தரவுக்காரர் ஒரு விசையைத் தட்டினார், அந்தப் பெண் கணக்கெடுப்பில் இல்லாமல் போனாள். அவளுக்குப் பதில் அடுத்த தெருவில் ஒரு மாற்று வீடு. அண்ணிக்கு நடுநிலைமை பற்றி இரண்டு நாள் மறுபயிற்சி.

எழுந்திருக்கும்போது அண்ணி தரவுக்காரரிடம் கேட்டார்: “சார், அம்பத்திரண்டு, அம்பத்திமூணு, அம்பத்திநாலு. மூணுக்கும் ஆமான்னு சொன்னவங்க எத்தனை பேரு?”

அவர் தட்டிப் பார்த்தார். “இதுவரைக்கும் முப்பத்தொன்பது.”

“அவங்கல்லாம் இப்ப எப்படி இருக்காங்க?”

தரவுக்காரர் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். “அது இந்தச் சுற்றுல கேக்கலையே. அடுத்த சுற்றுல வைக்கலாம்.”

“அட்ரஸ் குடுத்தா நான் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்துடுவேன்.”

“பேரு, அட்ரஸ் எல்லாம் அழிச்சுட்டோம்க்கா” என்றார் அவர். “அவங்க பாதுகாப்புக்காக.”

ஒருங்கிணைப்பாளர் தன் குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்து அண்ணி என்னிடம் சொன்னது இந்த முப்பத்தொன்பது பேரைப் பற்றி மட்டும்தான். மற்றதெல்லாம் பிறகு துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

(இந்தப் பகுதியை நகைச்சுவையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முப்பத்தொன்பது வந்ததும் என்னால்—)

7

வாக்குக் கொடுத்தபடி, இப்போது என் பக்கம்.

அறிக்கைக்கு நெஞ்சைத் தொடும் கதை வேண்டும் என்று கேட்டபோது நான் நாலாம் மாடிப் பெண்ணைத்தான் எழுதிக்கொண்டு போனேன். ஒருங்கிணைப்பாளர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அருமையா இருக்கு” என்றார். “ஆனா இவங்க சர்வேயில இல்லையே.”

“இருந்தாங்க.”

“இப்ப இல்ல. சர்வேயில இருக்கிற ஒரு தாயைப் பத்தி எழுதுங்க.”

சர்வேயில் இருந்தவர்கள் இரண்டாயிரத்து முந்நூறு பேர். அவர்களுக்கு நடந்தது என்னவென்றால், கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னார்கள். அதை வைத்து யார் நெஞ்சை எங்கே தொடுவது? “அப்ப கற்பனையா ஒருத்தங்களை எழுதிடுங்க. நீங்க எழுத்தாளர்தானே” என்றார் அவர்.

எழுதினேன். ஒரு தாய். அவளுக்குக் கணக்கெடுப்பாளரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ‘உங்கள் கேள்விகள் என் கண்களைத் திறந்தன’ என்றாள். (இந்த வரி அவர் சேர்த்தது. ஆனால் நான் அதை அடிக்கவில்லை.) பக்கத்தில் எங்கிருந்தோ எடுத்த ஒரு பெண்ணின் படம், பல் எல்லாம் தெரியச் சிரிப்பு, கையில் குறைந்தது எட்டு மாதக் குழந்தை. கீழே என் பெயர்.

அண்ணி அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தார். படித்துவிட்டு, “இவங்க வீடு எந்தப் பக்கம் தம்பி? ஒருநாள் போய்ப் பார்க்கணும்” என்றார்.

கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன்.

8

முடிவுகள்.

முதலில் எழுதிய முடிவில் அந்தப் பெண் இறந்துவிடுகிறாள். அண்ணி கையேட்டின்படி நடந்து, நூற்றுப் பதினான்கையும் கேட்டு முடித்துவிட்டு வருகிறார்; சாயங்காலம் அவளுக்கு வலிப்பு வருகிறது. கனமான முடிவு. பத்திரிகைகள் கண்ணை மூடிக்கொண்டு போடும். அண்ணி படித்துவிட்டுத் தாள்களை என் முன் வைத்தார். “நேத்து அவ போன் பண்ணினா. பையன் குப்புற விழுந்துட்டானாம். நீ அவளை என்னடா பண்ணி வெச்சிருக்க?” அவர் என்னை ‘டா’ போட்டது அன்று ஒருநாள்தான்.

இரண்டாவது முடிவில் ஒருங்கிணைப்பாளர் மனம் மாறுகிறார். புதுப் படிவத்தில் ஐம்பத்திநாலுக்குக் கீழே ‘உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்’ என்று ஒரு வரி சேர்க்கிறார். ஒரே ஒரு வரி. இந்த முடிவைப் படித்தவர்கள் எல்லோரும், கதை அதுவரை நம்பும்படியாக இருந்தது என்றார்கள்.

நடந்தது இது. இரண்டாம் சுற்று ஆரம்பித்தது. புதுப் படிவத்தில் நிஜமாகவே நூற்றுப் பதினைந்தாவது கேள்வி ஒன்று இருந்தது: “இக்கணக்கெடுப்பாளர் தங்களுக்கு மருத்துவ ஆலோசனை எதனையும் வழங்கினாரா?”

அதைக் கணக்கெடுப்பாளர்தான் கேட்க வேண்டும். தன்னைப் பற்றி, தானே. முதல் மாதத்தில் அண்ணி அறுபத்திரண்டு வீடுகளுக்குப் போனார். அறுபத்திரண்டிலும் ‘இல்லை’. கூட்டத்தில் தரவுக்காரர் அதை நீலக் கட்டமாகத் திரையில் காட்டினார். ஒருங்கிணைப்பாளர் கை தட்டி, மறுபயிற்சியின் பலன் என்றார்.

போன செவ்வாய்க்கிழமை, நாலு மணிக்கு வர வேண்டிய அண்ணி ஆறரைக்கு வந்தார். “ஏன் இவ்வளவு நேரம்?” என்றார் அண்ணன். “பஸ் கிடைக்கல” என்றார். அண்ணன் அந்தப் பக்கம் போனதும், எங்கே போனார், யார் வீடு, ஐம்பத்திரண்டுக்கு அங்கே என்ன பதில் வந்தது, அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று எல்லாவற்றையும் தேநீர் ஆறுவதற்குள் என்னிடம் சொன்னார். மறுநாள் அப்படியே எழுதினேன். ஒரு பொற்கதிர் இல்லை, ஒரு துப்பாக்கி இல்லை. நான் எழுதியதிலேயே உருப்படியான பகுதி அது.

அண்ணி இரண்டுமுறை படித்தார். பேனாவை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிதானமாக அடித்தார். அடியில் எழுத்துத் தெரிந்த இடங்களை மறுபடியும் அடித்தார்.

“அண்ணி, கதையே அதுதான்.”

“கதை உனக்கு. நாளைக்குக் காலையில அந்தத் தெருவுக்குப் போக வேண்டியது நான்.”

(இங்கே இருபத்திரண்டு வரிகள் இருந்தன.)

ஒருங்கிணைப்பாளர் கதை படிக்கிறவர். இதையும் படிப்பார். ஐயா, உங்களுக்காகச் சொல்கிறேன்: அன்று டேப்லெட்டை நாலு மணிக்கு முன்பே ஒப்படைத்தாகிவிட்டது, பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. அந்த இரண்டரை மணி நேரமும் பஸ் கிடைக்கவில்லை.

மற்றவர்கள் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். ஊகித்ததை யாரிடமும் சொல்ல வேண்டாம். அண்ணிக்கு அந்தப் பகுதியில் இன்னும் நூற்று நாற்பது வீடுகள் பாக்கி இருக்கின்றன.